அருந்ததி: இந்தப் பேருக்கு என்ன அர்த்தம், பொண்ணுக்கு வைக்கலாமா?

கேட்டது இதுதான்: பொண்ணு பொறந்திருக்கு, கார்த்திகை நட்சத்திரம் முதல் பாதம், 'அ'ல ஆரம்பிக்கிற பேர் வேணும். வீட்டம்மாவுக்கு அருந்ததிங்கிற பேர் ரொம்பப் பிடிச்சிருக்கு. நெட்ல தேடினா "தடுக்க முடியாதவள்"னு போட்டிருக்கு. பெரியவங்க "அது கற்புக்கரசி பேரு, இந்தக் காலத்துப் பொண்ணுக்கு எதுக்கு"ன்னு இழுக்கறாங்க, சொந்தக்காரர் ஒருத்தர் "சாதிப் பேர் மாதிரி கேக்குதே"ன்னு சொல்லிட்டாரு. வைக்கலாமா வேண்டாமா?

தாராளமா வைங்க. ஆனா அந்த மூணு பேச்சுக்கும் தனித்தனியா பதில் இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கிட்டு வைங்க. நாளைக்கு உங்க பொண்ணு வளர்ந்து "ஏம்ப்பா எனக்கு இந்தப் பேர் வெச்சே"ன்னு கேட்டா சொல்றதுக்கு விஷயம் வேணும் இல்லையா, இந்தப் பேருக்குப் பின்னாடி உண்மையிலயே நிறைய விஷயம் இருக்கு.

முதல்ல அர்த்தம். சமஸ்கிருதத்துல 'ருத்'னு ஒரு வேர்ச்சொல், தடுக்கறது, மறிக்கறது, அடைக்கறதுன்னு பொருள். நாம தினமும் சொல்ற விரோதம், விரோதி எல்லாம் இதுலேருந்து வந்ததுதான். 'ருந்ததி'ன்னா தடுத்துக்கிட்டு இருக்கிறவ, முன்னாடி 'அ' சேர்ந்தா தடுக்காதவ, குறுக்க நிக்காதவ. நெட்ல போட்டிருக்கற "தடுக்க முடியாதவள்"ங்கிறது இலக்கணப்படி இந்தப் பேர் இல்ல, அந்த அர்த்தத்துக்குக் கிட்ட வர்றது அநிருத்தன்ங்கிற பேரு, கிருஷ்ணரோட பேரன். கேக்க ரெண்டும் ஒண்ணு மாதிரி இருந்தாலும் அங்க தடை அடுத்தவங்ககிட்டேருந்து வருது, இங்க தடை போடறதா வேண்டாமாங்கிற முடிவு இவ கையில இருக்கு.

சரி, எதைத் தடுக்காதவ? இதுக்குப் பழைய நூல்கள்லயே ஒண்ணுக்கு மேல பதில் இருக்கு. காளிகா புராணம் ஒண்ணு சொல்லுது, எந்தக் காரணத்துக்காகவும் தர்மத்தைத் தடுக்காதவ, அதனால அருந்ததின்னு. இவ போன பிறவியில சந்தியா, பிரம்மாவோட மனசுலேருந்து பொறந்தவ, சந்திரபாகா மலையில தவம் இருந்து, பொறந்த உடனேயே எந்த உயிருக்கும் காமம் வரக்கூடாதுன்னு ஒரு எல்லையை வரமா வாங்கினவ, அப்புறம் மேதாதிதி ரிஷியோட வேள்வித் தீயில உடம்பை விட்டுட்டு அவர் மகளாவே திரும்பப் பொறந்து அருந்ததின்னு பேர் வாங்கினான்னு அந்தக் கதை போகுது. பாகவதத்துல வேற மாதிரி, கர்தமருக்கும் தேவஹூதிக்கும் பொறந்த ஒன்பது பொண்ணுங்கள்ல ஒருத்தி. எப்படிப் பாத்தாலும் வசிஷ்டரோட மனைவி, புராணங்கள்படி சக்திங்கிற ரிஷியோட அம்மா. சக்தியோட மகன் பராசரர், பராசரரோட மகன் வியாசர், ஆக மகாபாரதம் சொன்னவருக்கே இவங்க கொள்ளுப்பாட்டி.

அந்த மகாபாரதத்துலயே அருந்ததி தன் பேருக்குத் தானே விளக்கம் சொல்ற இடம் ஒண்ணு இருக்கு, அநுசாசன பர்வத்துல. பெரிய பஞ்சம், ரிஷிகள் பசியோட அலையறாங்க, கூடவே அருந்ததியும். ஒரு ராஜா தானம் குடுக்க வர்றான், வாங்க மாட்டோம்னுட்டாங்க. அவன் கோபத்துல வேள்வி பண்ணி யாதுதானின்னு ஒரு அரக்கியை உண்டாக்கி, இவங்க பேரையும் அதோட அர்த்தத்தையும் தெரிஞ்சுக்கிட்டு கொன்னுடுன்னு அனுப்பறான். தாமரைக் குளத்தங்கரையில அவ நின்னுக்கிட்டு ஒவ்வொருத்தரா பேர் கேக்கறா, ஒவ்வொருத்தரும் புதிர் மாதிரி ஒரு விளக்கம் குடுக்கறாங்க, அவளுக்கு மண்டையில ஏறல, "புரியல, போ, குளத்துல இறங்கு"ன்னு விட்டுடறா. அருந்ததி முறை வரும்போது, நான் பூமியைப் பத்திக்கிட்டு என் புருஷன் பக்கத்துலயே நிக்கறேன், அவர் மனசோட சேர்ந்து போறேன், 'அநுருந்ததி', அதனால என்னை அருந்ததின்னு தெரிஞ்சுக்கோன்னு சொல்றா. அரக்கிக்கு இதுவும் புரியல.

இந்த வரியைத்தான் நிறைய பேர் எடுத்து வெச்சுக்கிட்டு "புருஷன் சொல்றதைக் கேட்டு நடக்கறவ, அதான் அருந்ததி"ன்னு முடிச்சுடறாங்க. அந்தக் காட்சியில எல்லாருமே அரக்கியைக் குழப்பறதுக்காகத்தான் சொல்லை வளைச்சு வளைச்சு விளையாடறாங்க. அத்ரி, வசிஷ்டர், காசியபர் எல்லாரும் சொன்னதும் அதே மாதிரி சிலேடை தான். உயிர் போற நேரத்துல ஒரு அரக்கியை ஏமாத்த சொன்ன புதிரை எடுத்து அகராதி அர்த்தமா வெச்சுக்கக்கூடாது. அதோட அவ அங்க எப்படி நிக்கறான்னு பாருங்க, ரிஷிகளுக்குச் சமமா வரிசையில நின்னு, தன் பேருக்குத் தானே பதில் சொல்லி, அவங்க தப்பிச்ச அதே வழியில தப்பிக்கறா.

இந்தப் பேர் இன்னொரு எடத்துலயும் வருது, அது பலருக்குத் தெரியாது. அதர்வ வேதத்துல அருந்ததிங்கறது ஒரு மூலிகை. அடிபட்டவங்களுக்கு, எலும்பு முறிஞ்சவங்களுக்கான மந்திரம் ஒண்ணு நாலாவது காண்டத்துல இருக்கு, "வளர வைக்கிறவளே, முறிஞ்ச எலும்பை வளர வைக்கிறவளே, இதை வளர வை அருந்ததி"ன்னு வரும். அஞ்சாவது காண்டத்துல அரக்குப் பிசினைப் பாடற சூக்தத்துலயும் இந்தப் பேர் வருது. முறிஞ்சதைக் கூட்டி, புண்ணை ஆத்தற மருந்தோட பேர் ஒரு குழந்தைக்கு! எனக்கு இந்த அர்த்தம் ரொம்ப ரொம்பப் பிடிக்கும். அப்புறம் ஹடயோகப் பிரதீபிகைன்னு யோக நூல் ஒண்ணு, அதுல குண்டலினிக்கு, அதாவது உடம்புக்குள்ள தூங்கறதா யோகத்துல சொல்ற சக்திக்கு, இருக்கற மாற்றுப் பேர்கள்ல அருந்ததியும் ஒண்ணு.

இப்ப நட்சத்திரத்துக்கு வரேன், ஏன்னா நம்ம ஊர்ல இந்தப் பேர் தெரியாதவங்க யாருமே இல்லாததுக்குக் காரணம் அதுதான், அம்மி மிதிச்சு அருந்ததி பாக்கறது. ஒரே மூச்சுல சொல்றோமே தவிர ரெண்டும் வேற வேற சடங்கு. கல்லை மிதிக்கறது தீ முன்னாடி நடக்கறது, "இந்தக் கல்லு மாதிரி உறுதியா நில்லு"ன்னு மந்திரம். நட்சத்திரம் பாக்கறது பொழுது சாஞ்சப்புறம். ஆசுவலாயன கிருஹ்ய சூத்திரம்னு வீட்டுச் சடங்குகளுக்கான பழைய நூல் ஒண்ணு, அதுல எப்படின்னா, கல்யாணப் பொண்ணு பேசாம இருக்கணும், ராத்திரி துருவ நட்சத்திரத்தையும் அருந்ததியையும் ஏழு ரிஷிகளையும் பாத்துட்டுத்தான் வாயைத் திறக்கணும், திறந்ததும் என் புருஷன் உயிரோட இருக்கணும், எனக்குப் பிள்ளைங்க பொறக்கணும்னு சொல்லணும். கோபில சூத்திரத்துல துருவனைப் பாத்து நானும் உன்னை மாதிரி நிலையா இருக்கணும்னு சொல்லிட்டு, அருந்ததியைப் பாத்ததும் "ருத்தா அஹம் அஸ்மி", நான் கட்டுப்பட்டவள்னு சொல்ல வைக்கறாங்க. அதே 'ருத்' வேர் தான், பேர்ல இருக்கற ஓசையைப் புடிச்சுக்கிட்டு மந்திரம் பண்ணியிருக்காங்க.

தமிழ்நாட்டுல ஆபஸ்தம்ப சூத்திரக்காரங்க கல்யாணத்துல சொல்ற மந்திரம் இதை விட அழகு. ஏழு ரிஷிகள் கிருத்திகைகள்ல முதல்வளான அருந்ததியை நிலையான இடத்துக்குக் கொண்டு போனாங்க, மத்த ஆறு கிருத்திகைகளும் இருக்காங்க, இந்தப் பொண்ணு நமக்கு எட்டாவதா வளரட்டும். அதாவது மணப்பொண்ணை அருந்ததியும் ஆறு கார்த்திகைப் பெண்களும் இருக்கற கூட்டத்துல எட்டாவது ஆளா சேர்க்கறாங்க. உங்க பொண்ணுக்குக் கார்த்திகை நட்சத்திரம்னு சொன்னீங்க, அதனாலதான் இதைக் குறிப்பா எழுதறேன், கார்த்திகையில பொறந்த பொண்ணுக்கு அருந்ததிங்கிற பேர் இவ்வளவு பொருந்தும்னு உங்க வீட்டம்மா தெரிஞ்சு கேட்டாங்களோ தெரியாம கேட்டாங்களோ, கனக்கச்சிதமா அமைஞ்சிருக்கு.

அந்தக் கார்த்திகைத் தொடர்புக்குப் பின்னாடி முருகன் பொறந்த கதை இருக்கு. மகாபாரத வன பர்வத்துல, அக்னி ஏழு ரிஷிகளோட மனைவிகள் மேல ஆசைப்படறான், அக்னி மேல ஆசைப்பட்ட ஸ்வாஹா ஒவ்வொரு ரிஷிபத்தினி மாதிரியும் உருவம் எடுத்து அவன்கிட்ட போறா. ஆறு பேரோட உருவத்தை எடுக்க முடிஞ்சுது, அருந்ததி உருவம் மட்டும் அவளுக்கு வரவே இல்ல, அவ தவமும் உறுதியும் அப்படி. இதுல பிறந்தவன்தான் ஸ்கந்தன். பழி வந்த ஆறு பேரையும் புருஷன்மார் தள்ளி வெச்சுட்டாங்க, அவங்கதான் கார்த்திகை நட்சத்திரம் ஆனாங்க, அருந்ததி மட்டும் வசிஷ்டர் பக்கத்துலயே இருக்கா. வானத்துல ஆறு ஒரு கொத்தா தனியா இருக்கறதுக்கும், ஏழு பேர்ல ஒருத்தர் பக்கத்துல மட்டும் சின்னதா ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கறதுக்கும் சேர்த்து ஒரே கதையில காரணம் சொல்லிட்டாங்க.

இந்தக் கதை சங்கத் தமிழ்லயும் இருக்கு. பரிபாடல் அஞ்சாவது பாட்டு, கடுவன் இளவெயினனார் பாடினது, முருகன் பொறப்பைச் சொல்லும்போது "கடவுள் ஒருமீன் சாலினி ஒழிய" மத்த ஆறு பேரும் அவியை உண்டாங்கன்னு வருது. சாலினின்னா அருந்ததி. தமிழ்ல இவளுக்கு அப்படி தனிப் பேர்களே இருந்திருக்கு, வடக்கு வானத்துல இருக்கறதால வடமீன், அப்புறம் சாலி, சாலினி. புறநானூறு 122ல கபிலர் மலையமான் திருமுடிக்காரிகிட்ட சொல்றார், உன் நாடு அந்தணருக்கு, மூவேந்தர்ல ஒருத்தர் உன்னைத் துணைக்குக் கூப்பிட்டு ஆளுங்க மூலமா குடுக்கற செல்வம் உன்னைப் பாடி வர்ற பரிசிலருக்கு, "வடமீன் புரையும் கற்பின்" உன் மனைவியோட தோள் ஒண்ணைத் தவிர உனக்குன்னு எதுவும் இல்லையே, அப்படியும் இவ்வளவு பெருமிதமா இருக்கியேன்னு. ஐங்குறுநூறு 442ல நேரா "அருந்ததி அனைய கற்பின்"னு பேரே வந்துடுது. சிலப்பதிகாரம் மங்கல வாழ்த்துப் பாடலை எடுத்துப் பாருங்க, கண்ணகியைச் சொல்லும்போது முதல்ல "தீதிலா வடமீனின் திறமிவள் திறம்"னு வரும், கல்யாணம் நடக்கும்போது "சாலி ஒருமீன் தகையாளை"ன்னு வரும், முடியற இடத்துல "அங்கண் உலகின் அருந்ததி அன்னாளை"ன்னு வரும். ஒரே பாட்டுல மூணு பேர்லயும் கூப்பிட்டுட்டாரு இளங்கோ. அதனால "வடமொழிப் பேரு, நமக்கு எதுக்கு"ன்னு யாராவது கேட்டா, சொல் வடமொழிதான், அதுல சந்தேகமே இல்ல, ஆனா கண்ணகி கல்யாணத்துலயே இருந்த பேருன்னு சொல்லுங்க.

இப்ப நடக்கற கல்யாணங்கள்ல காலை ஆறு டு ஏழரை முகூர்த்தம், ஐயர் மண்டப வாசலுக்குக் கூட்டிட்டுப் போய் வெயில்ல கையைக் காட்டி "தெரியுதாம்மா"ன்னு கேக்க, பொண்ணும் மாப்பிள்ளையும் தெரியுதுன்னு தலையாட்டிட்டு வந்துடறாங்க. இது பாவம்னு எனக்குத் தோணும், ஏன்னா நிஜத்துல பாக்கறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. சித்திரை, வைகாசி, ஆனி மாசங்கள்ல ராத்திரி எட்டரை ஒன்பது மணிக்கு வடக்கு பாத்து நில்லுங்க, ஏழு நட்சத்திரம் கவுத்து வெச்ச கரண்டி மாதிரி தெரியும், அதான் சப்தரிஷி மண்டலம். சென்னையிலேருந்து பாத்தா தரைக்கும் தலைக்கு நேர் உச்சிக்கும் கிட்டத்தட்ட நடுவுல இருக்கும். வலது பக்கம் நீண்டு போற காம்புல மூணு நட்சத்திரம், கடைசியில இருக்கறது மரீசி, நடுவுல வசிஷ்டர், கரண்டிக் கிண்ணத்துக்குப் பக்கத்துல இருக்கறது ஆங்கிரஸ். அந்த வசிஷ்டரையே கண் எடுக்காம பாத்தீங்கன்னா அவரை ஒட்டி மங்கலா ஒரு புள்ளி தெரியும், அதான் அருந்ததி. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி பௌர்ணமி நிலாவோட அகலத்துல பாதி கூட இருக்காது. தை மாசக் கல்யாணம்னா ராத்திரி பத்து, பதினொரு மணி வரைக்கும் காத்திருக்கணும், ஐப்பசி கார்த்திகையில சாயங்காலம் அது தொடுவானத்துக்குக் கீழ போயிடும். துருவ நட்சத்திரம் மாதிரி எப்பவும் தெரியாது, நம்ம அட்சரேகையில சப்தரிஷிகள் உதிச்சு மறையறவங்க.

விஞ்ஞானத்துல வசிஷ்டருக்கு மைசார், அருந்ததிக்கு ஆல்கார்னு பேரு, அரபு மொழியிலேருந்து வந்தது. ஏறக்குறைய 80 ஒளியாண்டு தூரம். 1617லயே கலிலியோவும் அவர் மாணவர் காஸ்டெல்லியும் தொலைநோக்கியில பாத்து வசிஷ்டரே ரெண்டு நட்சத்திரம்னு கண்டுபிடிச்சாங்க, 1889ல பிக்கரிங்ங்கிற வானியலாளர் அந்த ரெண்டுல ஒண்ணோட ஒளியை நிறங்களா பிரிச்சுப் பாத்து, அதுவும் ரெண்டுன்னு சொன்னாரு, இன்னொண்ணும் அப்படித்தான், ஆக அங்கயே நாலு. 2009ல அருந்ததிக்கும் ஒரு சின்னத் துணை இருக்கறதைக் கண்டுபிடிச்சாங்க. மொத்தம் ஆறு.

வாட்ஸாப்ல ஒரு ஃபார்வர்டு சுத்துது, உங்களுக்கும் கண்டிப்பா வரும், "மத்த இரட்டை நட்சத்திரங்கள்ல ஒண்ணு நிக்கும், ஒண்ணு சுத்தும், வசிஷ்டர் அருந்ததி மட்டும்தான் ஒண்ணையொண்ணு சுத்தும், நம்ம முன்னோர் இதைத் தெரிஞ்சு வெச்சிருந்தாங்க"ன்னு. இது தப்பு. எந்த இரட்டை நட்சத்திரமா இருந்தாலும் ரெண்டும் பொதுவான ஈர்ப்பு மையத்தைத்தான் சுத்தும், அதுல இவங்களுக்கு மட்டும் தனிச் சலுகை ஒண்ணும் இல்ல. இவங்க ரெண்டு பேருக்கும் இடையில இருக்கற தூரத்துக்கு ஒரு சுத்து முடிய பல லட்சம் வருஷம் ஆகும், அதை யாரும் கண்ணால பாத்திருக்க முடியாது. நம்ம முன்னோர் பாத்தது கண்ணுக்குத் தெரிஞ்சதை, அதையே ரொம்ப நல்லா பாத்திருக்காங்க, பொய் சேர்த்துத்தான் பெருமைப்படணும்னு ஒண்ணும் இல்ல.

எவ்வளவு நல்லா பாத்தாங்கன்னா, அருந்ததி தெரியலைன்னா ஆயுசு முடிஞ்சுதுன்னு மருத்துவ நூல்லயே எழுதி வெச்சிருக்காங்க. சுச்ருத சம்ஹிதையில சாவு நெருங்கினவங்களோட அடையாளமா அருந்ததியையும் துருவனையும் ஆகாச கங்கையையும் பாக்க முடியாதவங்களைச் சொல்றாங்க. ஹிதோபதேசத்துல வர்ற சுலோகம் இன்னும் பிரபலம், ஆயுசு முடிஞ்சவங்க அணைஞ்ச விளக்கோட வாசனையை முகர மாட்டாங்க, நண்பன் சொல்ற பேச்சைக் கேக்க மாட்டாங்க, அருந்ததியைப் பாக்க மாட்டாங்கன்னு. பயந்துடாதீங்க, கண்ணாடி மாத்த வேண்டியவங்களுக்கும் தெரியாது. அரபு நாடுகள்லயும் இந்த நட்சத்திரத்தை வெச்சுத்தான் கண்பார்வையைச் சோதிச்சாங்க.

தத்துவத்துலயும் இந்தச் சின்னப் புள்ளி வந்துடுச்சு. யாருக்காவது அருந்ததியைக் காட்டணும்னா நேரா காட்ட முடியாது, முதல்ல பக்கத்துல பெருசா இருக்கறதைக் காட்டி "இதுதான் அருந்ததி"ன்னு சொல்லி, கண்ணு அங்க நிலைச்சதும் "இது இல்ல, இதுக்குப் பக்கத்துல பாரு"ன்னு நகர்த்தணும். பிரம்ம சூத்திர பாஷ்யத்துல ஆதிசங்கரர் இதை எடுத்துக் காட்டறாரு, வேதாந்தப் பாடம் சொல்றவங்க ஸ்தூலாருந்ததி நியாயம்னு இன்னிக்கும் சொல்லுவாங்க.

இனி உங்க வீட்டுப் பெரியவங்க சொன்ன "கற்புக்கரசி"ங்கிற விஷயம். கற்புக்கு உவமையா அவளைச் சொன்னது உண்மை, மேல காட்டின வரிகளே சாட்சி. ஆனா அவ்வளவுதான் அவன்னு நினைக்கறதுதான் எனக்கு வருத்தம். குமாரசம்பவம் ஆறாவது சர்க்கத்துல ஏழு ரிஷிகளும் சிவனைப் பாக்க வர்றாங்க, கூட அருந்ததி. சிவன் அவளையும் ரிஷிகளையும் வித்தியாசம் இல்லாம ஒரே மரியாதையோட பாக்கறார், அங்க காளிதாசன் எழுதறார், பெண்ணா ஆணாங்கிறது கணக்கே இல்ல, நல்லவங்களோட நடத்தைதான் போற்றத்தக்கதுன்னு. அடுத்த சுலோகத்துலயே, அருந்ததியைப் பாத்ததும் சிவனுக்குக் கல்யாணம் பண்ணிக்கற எண்ணம் இன்னும் அதிகமாச்சாம். தவத்துலயே உக்காந்திருந்தவருக்கு இல்லறம் நல்லதுன்னு தோண வெச்சது அவளோட இருப்பு!

அதை விட எனக்குப் பெருசு பவபூதியோட உத்தரராமசரிதம், எட்டாம் நூற்றாண்டு நாடகம். ராமன் சீதையைக் காட்டுக்கு அனுப்பும்போது வசிஷ்டர், அருந்ததி, ராமனோட அம்மாக்கள் எல்லாரும் ருசியசிருங்கரோட வேள்விக்குப் போயிருக்காங்க. வேள்வி முடிஞ்சு கிளம்பற நேரத்துல அருந்ததி சொல்லிடறா, மருமக இல்லாத அயோத்திக்கு நான் வர மாட்டேன்னு. அந்த ஒரு வார்த்தையில எல்லாரோட பயணமும் மாறிடுது, அயோத்திக்குப் போகாம வால்மீகி ஆசிரமத்துக்குப் போறாங்க. நாலாவது அங்கத்துல ஜனகர், என் பொண்ணைச் சுத்தம் பண்றதுக்கு அக்னி யாருன்னு கொதிக்கறார், அருந்ததி சொல்றா, ஆமாம், அவ விஷயத்துல அக்னிங்கிற சொல்லே சின்னது, சீதைன்னு சொன்னாலே போதும். அப்புறம் சீதையை நினைச்சு, நீ எனக்குக் குழந்தையோ சிஷ்யையோ எதுவா வேணா இரு, உன் தூய்மையால உன் மேல எனக்கு பக்தியே வருது, குணம்தான் வணங்கத்தக்கது, ஆண் பெண்ங்கறதும் இல்ல, வயசும் இல்லன்னு சொல்றா. ஊரே கும்பிடற மூத்தவ, தன்னை விட ரொம்பச் சின்னப் பொண்ணை, ஊர் பழி சொன்ன பொண்ணை வணங்கறேங்கறா. கடைசி அங்கத்துல ஜனங்க முன்னாடி நின்னு கேள்வி கேட்டு சீதையை ராமன்கிட்ட சேர்த்து வைக்கறதும் இவதான். காளிகா புராணம் சொன்னதை இங்க வெச்சுப் பாருங்க, தர்மத்தைத் தடுக்காதவ, ஆனா அநியாயத்துக்கு வழி விடாதவ. இந்த அருந்ததியை நினைச்சுக்கிட்டு பேர் வைங்க.

அவளைக் குறை சொல்ற கதையும் இருக்கு, அதையும் மறைக்க வேண்டாம். மகாபாரத ஆதி பர்வத்துல, அருந்ததி ஒரு தடவை வசிஷ்டரையே சந்தேகப்பட்டா, அதனாலதான் புகை நிறத்துல மங்கி, தெரிஞ்சும் தெரியாம இருக்கான்னு ஒருத்தர் சொல்றார். யார் சொல்றது? ரெண்டு பெண்டாட்டிக்காரரான மந்தபாலர்ங்கிற ரிஷி, பறவையா மாறி முதல் குடும்பத்தைத் தவிக்க விட்டுட்டுப் போய், காண்டவ வனம் எரிஞ்சப்புறம் திரும்பி வந்து, மனைவி குத்திக் காட்டினதும் சொல்றது. அவர் வாக்கை நான் பெருசா எடுத்துக்க மாட்டேன். பீஷ்ம பர்வத்துல வியாசர் திருதராஷ்டிரன்கிட்ட போருக்கு முன்னாடி தெரியற கெட்ட சகுனங்களைச் சொல்லும்போது, அருந்ததி வசிஷ்டரைப் பின்னுக்குத் தள்ளிட்டு முன்னாடி போயிட்டான்னு ஒண்ணு வரும். இதை வெச்சு மகாபாரதம் நடந்த வருஷத்தையே கணக்குப் போடறவங்க இருக்காங்க, ஆனா அதே பட்டியல்ல பசு வயித்துல கழுதை பொறக்குதுன்னும் வருது, அப்படி ஒரு பட்டியல்லேருந்து ஒரு வரியை மட்டும் பிரிச்சு வானியல் குறிப்பா எடுத்துக்கறதை என்னால ஏத்துக்க முடியல.

அடுத்தது உங்க சொந்தக்காரர் பேச்சு. தமிழ்நாட்டுல அருந்ததியர்ங்கிறது ஒரு பட்டியல் சமூகத்தோட பேர். அந்தச் சமூகத்துத் தலைவர்கள், சென்னை சட்டமன்றத்துல இருந்த எல்.சி.குருசாமி மாதிரியானவங்க, 1920கள்ல அருந்ததியர்ங்கிற பேர்ல அமைப்பா திரண்டாங்க, மத்தவங்க இழிவா கூப்பிட்ட பேரை ஒதுக்கிட்டு தங்களுக்குத் தாங்களே மரியாதையா எடுத்துக்கிட்ட பேர் அது. அதுக்குப் பழைய ஆதாரமும் இருக்கு. மனுஸ்மிருதி ஒன்பதாவது அத்தியாயத்துல, தாழ்ந்த பிறப்புன்னு சொல்லப்பட்ட அக்ஷமாலா வசிஷ்டரை மணந்து வணங்கத்தக்கவ ஆனான்னு ஒரு சுலோகம் இருக்கு, அந்த அக்ஷமாலாவைத்தான் அருந்ததியோட இன்னொரு பேருன்னு மரபுல சொல்றாங்க. பெருமையை வசிஷ்டருக்குக் குடுக்கற மாதிரி மனு எழுதியிருக்காரு, ஆனா இன்னிக்கு ஊரெல்லாம் மணமேடையில பேர் சொல்லித் தேடறது வசிஷ்டரை இல்ல, அவளை. 2009ல தமிழ்நாடு அரசு பட்டியல் இனத்தவருக்கான 18 சதவீதத்துக்குள்ள அருந்ததியருக்கு 3 சதவீதம் உள் ஒதுக்கீடு குடுத்து சட்டம் போட்டுது, 2024 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் இப்படி உள் ஒதுக்கீடு குடுக்கறது செல்லும்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. ஆக அந்தப் பேரைக் கேட்டு ஒருத்தருக்கு முகம் சுருங்குதுன்னா சரி செய்ய வேண்டியது அவர் முகத்தை, உங்க பொண்ணு பேரை இல்ல. இதை அவர்கிட்ட நேராவே சொல்லுங்க, குழந்தை காதுபட அந்தப் பேச்சு வீட்டுல ஓடவே கூடாது.

பழைய பேருங்கறாங்களே, அதுவும் சரியில்ல. எழுத்தாளர் அருந்ததி ராய் 1997ல புக்கர் பரிசு வாங்கினாங்க. பாரத ஸ்டேட் வங்கிக்குத் தலைமை ஏத்த முதல் பெண் அருந்ததி பட்டாச்சார்யா, 2013லேருந்து 2017 வரைக்கும். 1996ல ஜெனீவாவுல அணு சோதனைத் தடை ஒப்பந்தப் பேச்சுல உலக நாடுகள் எல்லாம் நெருக்கினப்பவும் இந்தியா கையெழுத்துப் போடாதுன்னு அசராம நின்னவங்க தூதர் அருந்ததி கோஷ். பெங்களூர்ல ரங்க சங்கரா நாடக அரங்கை உண்டாக்கினவங்க அருந்ததி நாக். இந்திய கிரிக்கெட் அணியில அருந்ததி ரெட்டி. இவங்கள்ல யாரும் வாய் பேசாம ஓரமா நிக்கறவங்க இல்ல.

கடைசியா நடைமுறை விஷயம், இதுல அசால்ட்டா இருந்துடாதீங்க. தமிழ்ல அருந்ததின்னு ஒரே மாதிரிதான் எழுதுவோம், இங்கிலீஷ்ல எழுதும்போதுதான் ஆளாளுக்கு ஒரு ஸ்பெல்லிங், நம்ம ஊர்ல ரெண்டு எடத்துலயும் 'டிஎச்' போடற வழக்கம், வடக்க கடைசி எழுத்துக்கு வெறும் 'டி' மட்டும். மூலச் சொல்லுல முதல் 'த' அழுத்தமான மூச்சொலி, அதுக்கு 'டிஎச்', ரெண்டாவது சாதாரண 'த', அதுக்கு 'டி' போதும். வெளி மாநிலத்துல படிக்கவோ வேலைக்கோ போனா அந்த ஸ்பெல்லிங்தான் சரியா வாசிப்பாங்க. எதைத் தேர்ந்தெடுத்தாலும் பிறப்புச் சான்றிதழ்ல பேர் பதியும்போதே முடிவு பண்ணிடுங்க, அப்புறம் ஆதார், ஸ்கூல், பாஸ்போர்ட் எல்லாத்துலயும் எழுத்துக்கு எழுத்து அதே இருக்கணும், இல்லைன்னா பின்னாடி கெசட்டுக்கு அலையணும். இனிஷியலை விரிச்சு எழுதறதா வேண்டாமாங்கறதையும் அதே நேரத்துல பேசிடுங்க. கார்த்திகை முதல் பாதத்துக்கு 'அ' சரியான எழுத்துதான், ஜோசியர்கிட்ட இன்னொரு தடவை போக வேண்டியதில்ல. வீட்டுல கூப்பிட அரு, அருந்தின்னு தானா சுருங்கிடும், அதைப் பத்தி இப்பவே யோசிக்க வேண்டாம்.